எள்ளலைக் கேடயமாக்குவோர்

"எல்லாரையுந்தானே எள்ளுகிறார்கள்!"

'சவுத் பார்க்' என்னும் அமெரிக்கக் கேலிச்சித்திரத் தொடரின் இரசிகர்பால் எந்தக் குறையை எடுத்துரைத்தாலும் திரும்பி வரும் விடை இஃதொன்றே. சமய நம்பிக்கையை எள்ளியது முறையா என்று வினவினாலும் இதுவே விடை. சக்கர நாற்காலியில் அமர்ந்த சிறுவனைக் காட்டிச் சிரிப்பூட்டியது தகுமா என்று வினவினாலும் இதுவே விடை. ஓர் இனத்தாரை இழிக்கும் சொல்லைப் பள்ளிச் சிறுவன் வாயில் வைத்தது ஏன் என்றாலும் இதுவே விடை. எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் திறவுகோல் ஒன்று கிடைத்துவிட்டதாக அவர்கள் மகிழ்கின்றனர். அத்தகைய திறவுகோலை நேர்மையான கொல்லன் எவனும் செய்து விற்பதில்லை என்பது அவர்கள் நினைவுக்கு வருவதில்லை.

தொடரை அறியாதார் பொருட்டுச் சில செய்திகளை முதற்கண் கூறுதல் நலம். கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஒருங்கு பயின்ற ட்ரே பார்க்கர், மேட் ஸ்டோன் என்னும் இருவர் இதனைப் படைத்தனர். 1995ஆம் ஆண்டில், தொலைக்காட்சித் துறை அதிகாரி ஒருவர் தம் நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்தாக அனுப்புவதற்கென அவர்களிடம் ஒரு சிறு படம் செய்து வாங்கினார். அது கைக்குக் கை படியெடுக்கப்பட்டு நாடெங்கும் பரவிற்று. அதன் பயனாய் 1997 ஆகஸ்டு 13ஆம் நாள் 'காமெடி சென்ட்ரல்' அலைவரிசையில் தொடர் தொடங்கிற்று. கொலராடோ மலைப்பகுதியில் ஒரு சிற்றூர்; அங்கே ஸ்டான், கைல், கார்ட்மன், கென்னி என்னும் நான்கு பள்ளிச் சிறுவர்; அவர்தம் வாயில் துறைமுகக் கூலிகளும் கூசும் சொற்கள். சிறுவரைப் பற்றிய படமேயாயினும் சிறுவருக்கான படம் அன்று. முதிர்ந்தோர்க்கு மட்டும் என்னும் குறியீட்டுடனேயே ஒளிபரப்பாகி வருகிறது. முதல் ஐந்து பருவங்களில் கென்னி என்னும் ஏழைச் சிறுவன் ஏறத்தாழ ஒவ்வொரு பகுதியிலும் மாண்டான்; அடுத்த பகுதியில் எதுவும் நடவாததுபோல் பள்ளிப் பேருந்துக்குக் காத்து நின்றான்.

இத்தொடரைப் பாராமலே பழிப்போரைப் பற்றி நெடிது பேச வேண்டுவதில்லை. தொடர் தோன்றிய சில திங்களிலேயே அமெரிக்கப் பள்ளிகள் சில, இதன் உருவங்கள் பொறித்த சட்டைகளுக்குத் தடை விதித்தன. சட்டையைத் தடுத்தவர்கள் தொடரில் ஒரு பகுதியையேனும் முழுதாகப் பார்த்திருப்பின், மாணவரோடு வாதிடச் செய்திகள் பல கிடைத்திருக்கும். பாராமல் பழிப்பவர் எதிரிக்கு வலிமை சேர்க்கிறார், அவ்வளவே. ஈண்டு வாதம் அவர்களோடு அன்று. பார்த்துப் போற்றுவோரோடுதான்.

போற்றுவதற்கு இத்தொடரில் உரிய பொருள் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். முதற்பகுதியை வண்ணத்தாள்களை வெட்டி, நகர்த்தி, படம்பிடித்து, நகர்த்தி ஏறத்தாழ மூன்று திங்கள் உழைத்துச் செய்தனர். பின்னர்க் கணினிக்கு மாறியபோதும் அந்தக் கத்தரித்த தாளின் கரடுமுரடான தோற்றத்தைக் கைவிடவில்லை. பிற கேலிச்சித்திரத் தொடர்கள் ஒரு பகுதிக்குப் பல திங்கள் எடுத்துக்கொள்ள, இவர்கள் ஆறே நாளில் எழுதி, நடித்து, வரைந்து முடிக்கின்றனர். 2008 நவம்பர் 4ஆம் நாள் பராக் ஒபாமா தேர்தலில் வென்றார். மறுநாள் இரவே அவ்வெற்றியைப் பொருளாகக் கொண்ட பகுதி ஒளிபரப்பாயிற்று. 2016ஆம் ஆண்டில் இவ்விருவரும் ஹிலாரி கிளின்டனே வெல்வார் என்று கணித்து எழுதி வைத்திருந்தனர். முடிவு மாறவே, ஒரே நாளில் கதையை மாற்றி எழுத நேர்ந்தது. நாளிதழின் விரைவும் கூத்துமேடையின் துணிவும் ஒன்றுகூடிய கலை இது. சிறந்த கேலிச்சித்திரத்துக்கான எம்மி விருதை ஐந்து முறையும், 2006இல் பீபடி விருதையும் இது பெற்றது வியப்பன்று. இந்நுட்பங்களையெல்லாம் அறிந்து, ஒரு காட்சியின் மூலையில் மறைந்திருக்கும் குறிப்பைக்கூடத் தேடிக் கண்டு மகிழும் இரசிகர் உளர். அவரை அறிவிலிகள் என்பார் தம் அறியாமையையே பறைசாற்றுகின்றனர்.

அங்ஙனமாயின் குற்றம் யாது? கூர்மையான கண் படைத்த அந்த இரசிகரே, அக்கூர்மையைப் பயன்படுத்த வேண்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார் என்பதே.

சான்று ஒன்று. 2001 ஜூன் திங்களில் ஒளிபரப்பான ஒரு பகுதியில், மலத்தைக் குறிக்கும் ஆங்கில வசைச்சொல் 162 முறை ஒலித்தது. திரையின் மூலையில் அதனை எண்ணிக் காட்டும் எண்பலகையும் ஓடிற்று. இரசிகர் கூட்டத்தில் இந்த 162 என்னும் எண்ணை அறியாதார் அரியர். அக்கதையின் போக்கை உசாவினாலோ பலர் தடுமாறுவர். தொலைக்காட்சியில் அச்சொல்லுக்கு இருந்த தடை நீங்கியதும் ஊரார் அனைவரும் ஆசை தீர அதனைச் சொல்கின்றனர். ஆசிரியை வகுப்பிலே சொல்லித் தருகிறார். நாளடைவில் அச்சொல் சுவையற்றுச் சலிக்கிறது. சலித்ததோடு நில்லாமல் ஒரு கொள்ளைநோயையும் கொணர்கிறது. வசைச்சொல்லுக்கு வலிமை தருவது அதன் அருமையே, வாரியிறைத்தால் அதுவும் செத்துப்போகும் என்று இறுதியில் அச்சிறுவர்களே ஊராருக்கு எடுத்துரைக்கின்றனர். சொல்லின் அளவை வற்புறுத்தும் பாடம் இது. தமிழாசிரியர் எவரும் இதனைவிடத் தெளிவாகக் கூறிவிட இயலாது; இவ்வளவு நாற்றத்தோடு கூறத் துணியவும் மாட்டார். அத்தகைய கதையிலிருந்து எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு பொருளைக் கீழே போட்டுவிடுகிற இரசனையை என்னென்பது? பலாப்பழத்தைப் பிளந்து, சுளையை எறிந்துவிட்டு, கையில் ஒட்டிய பாலை வியந்து நிற்பதைப் போன்றது அது.

அடுத்து, கார்ட்மன் என்னும் சிறுவனைக் காண்போம். தொடர் முழுதும் தேடினும் இவனினும் கொடியவன் இல்லை. தன்னலமி, கோழை, இனவெறியன், யூதச் சிறுவனான கைலை நாள்தோறும் இழித்துரைப்பவன். 2001ஆம் ஆண்டின் ஒரு பகுதியில், தன்னை ஏமாற்றிய மூத்த மாணவன் ஒருவனின் பெற்றோர் சாகும்படி சூழ்ச்சி செய்து, அவர்தம் ஊனையே குழம்பாக்கி அம்மாணவனுக்கு ஊட்டினான். அத்திரியஸ், தியஸ்டிஸ் என்னும் உடன்பிறந்தாரைப் பற்றிய பழங்கிரேக்கக் கதையிலும், ஷேக்ஸ்பியரின் 'டைட்டஸ் அண்ட்ரானிக்கஸ்' நாடகத்திலும் வந்த கொடுமைதான் இது. அந்நூல்களைப் படிப்போர் நடுங்குகின்றனர். தொடரின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்றென இரசிகர் இதனைக் கொண்டாடுகின்றனர். கதைக்கட்டு வியக்கத்தக்கதுதான், ஐயமில்லை. ஆனால் கொண்டாட்டத்தில் போற்றப்படுவது கதைக்கட்டா, கார்ட்மனா?

தமிழ் கற்றார்க்கு இவ்விடத்தில் ஒரு துணை உண்டு. தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் இருவகைப்படுத்தினார். வெளிப்படையாக வசை கூறுதல் முன்னது. வசையை உள்ளே மறைத்துக் கூறுதல் பின்னது. கார்ட்மன் பழிகரப்பு அங்கதத்தின்பாற்படுவான். அவன் பேசும்போது பழிக்கப்படுவது அவன் சுட்டும் யூதனோ, ஏழையோ அல்லன். அவ்வாறு பேசும் கார்ட்மனே. கரந்திருக்கும் அப்பழியைக் காணாது, அவன் சொற்களைச் செம்பொருளாகவே கொண்டு, அவனோடு சேர்ந்து கைலைப் பார்த்துச் சிரிப்பவர், படைப்பைப் பார்க்கிறாரேயன்றிப் படிக்கவில்லை. மாணவன் ஒருவன் வஞ்சப்புகழ்ச்சிப் பாடலுக்குப் புகழ்ச்சி என்றே பொருள் எழுதினால் ஆசிரியர் எத்தனை மதிப்பெண் அளிப்பார்?

இது கற்பனைக் குற்றச்சாட்டு அன்று. 1971 முதல் 1979 வரை 'ஆல் இன் தி ஃபேமிலி' என்னும் நகைச்சுவைத் தொடர் அமெரிக்காவில் ஓடிற்று. அதன் தலைமைப் பாத்திரமாகிய ஆர்ச்சி பங்கர், மாற்றினத்தார் அனைவரையும் வெறுத்துப் பேசும் ஒரு தொழிலாளி. அவ்வெறுப்பின் மடமையை நாடறியச் செய்தலே தொடரைப் படைத்த நார்மன் லியரின் நோக்கம். 1974ஆம் ஆண்டில் விட்மார், ரோக்கீச் என்னும் இரு உளவியலறிஞர் பார்வையாளரை ஆராய்ந்தனர். இனவெறுப்பு மிக்கோர் ஆர்ச்சியை நகைப்புக்குரியவனாகக் காணவில்லை. தம் கருத்தைத் துணிந்துரைக்கும் தம்மவனாகவே கண்டனர். எழுதியவர் ஒன்று எய்ய, பார்த்தவர் உள்ளத்தில் மற்றொன்று தைத்தது. கார்ட்மனைப் படைத்த இருவரும் அந்த ஆர்ச்சியை மனத்துட்கொண்டே அவனைப் படைத்ததாகக் கூறியுள்ளனர். 2003ஆம் ஆண்டில் நார்மன் லியரே வந்து சவுத் பார்க் எழுத்தாளர்களோடு அமர்ந்து துணைபுரிந்தார். தந்தை வந்து பேரனைக் கண்டதொப்ப அமைந்த அந்நிகழ்ச்சியைப் பெருமையோடு எடுத்துரைக்கும் இரசிகர், தந்தையின் வீட்டில் நேர்ந்த அந்தப் பழைய விபத்தை மட்டும் கூறுவதில்லை.

பேரன் வீட்டிலும் அவ்விபத்து நேர்ந்தது, அதிலும் கொடிதாக. 2005 நவம்பரில் ஒளிபரப்பான பகுதியொன்றில், செம்முடியும் வெண்தோலும் முகப்புள்ளிகளும் உடைய சிறுவர்களுக்கு ஆன்மாவே இல்லை என்று கார்ட்மன் வகுப்பில் சொற்பொழிவாற்றுகிறான். அவனுக்குப் பாடம் புகட்ட எண்ணிய தோழர்கள், அவன் உறங்குகையில் அவனையே செம்முடியனாக மாற்றிவிடுகின்றனர். விழித்தெழுந்தவன் திருந்தினானா? இல்லை. செம்முடியரே உயர்ந்தோர் எனப் புதிய இயக்கம் தொடங்கி, மற்றையோரைக் கொன்றொழிக்கப் படை திரட்டுகிறான். நடந்தது வெறும் வண்ணப்பூச்சு என்பதை அவன் காதில் கைல் ஓதியவுடன், தான் கூட்டிய கூட்டத்திடமிருந்து தன் உயிரைக் காத்துக்கொள்ள, 'அனைவரும் ஒன்றே, அன்பே நன்று' என்று பாடத் தொடங்குகிறான். வெறுப்பென்பது கொள்கையன்று, எந்தப் பக்கம் நிற்கிறோமோ அந்தப் பக்கத்துக்கேற்ப உடுத்தும் சட்டை என்பதை இதனினும் நகையோடு காட்டல் அரிது.

அவ்வளவு தெளிவான கதையிலிருந்து சிலர் கற்றது யாது? மூன்றாண்டு கழித்து, 2008 நவம்பர் 20ஆம் நாள், செம்முடியரை உதைக்கும் நாள் என்று கணினிவழிச் செய்தி ஒன்று பரவிற்று. கனடாவின் பள்ளிகள் சிலவற்றில் செம்முடிச் சிறுவர் சிறுமியர் உடன்பயில்வோரால் மெய்யாகவே உதைக்கப்பட்டனர். காவல்துறை உசாவல் நடத்திற்று. உதைத்தவர்க்குக் கிடைத்த சொற்கள் கார்ட்மனின் சொற்கள். உதை வாங்கியவர்க்கோ, 'எல்லாரையுந்தானே எள்ளுகிறார்கள்' என்னும் மருந்து கைவசம் இருந்திராது.

படைத்தவரைக் குற்றம் சாட்டுதல் இவ்விடத்தில் எளிது. கத்தியை அடித்த கொல்லன் கொலைக்குப் பொறுப்பாவானோ என்னும் பழைய வழக்கு அது, முடியாது. முடியத்தக்க வழக்கு வேறு. அக்கதையைப் புரிந்துகொண்ட இரசிகர்கள் அன்று எங்கிருந்தனர்? கார்ட்மன் வாய்மொழியை வழிமொழிந்த இளையோரை நோக்கி, "நீவிர் சிரித்தது தவறான இடத்தில், கதையில் உதைபட வேண்டியவன் கார்ட்மன்" என்று உரைக்கத் தகுதி பெற்றவர் அவர்களே. பள்ளித் தலைவர் சொன்னால் அவ்விளையோர் கேளார். கூட்டாளி சொன்னால் கேட்டிருக்கக்கூடும். ஒரு கலையை உண்மையாகவே நேசிப்போர்க்கு அக்கலையின் பொருளைக் காக்கும் கடனும் உண்டு. அக்கடனை ஆற்றாமல், குறை கூறுவோரை மட்டும் 'நகைச்சுவை அறியாதார்' என்று நகையாடுதல் இரசனையாகாது.

இனி, எல்லாரையும் ஒப்ப எள்ளுதல் நடுநிலையாகும் என்னும் வாதத்துக்கு வருவோம். துலாக்கோலின் நடுநிலை, இரு தட்டிலும் ஒரே எடையை வைப்பதால் வருவதன்று. வைத்த எடையை உள்ளவாறு காட்டுவதால் வருவது. வலியானையும் எளியானையும் ஒரே அளவு உதைத்தால் இருவர்க்கும் நோவு ஒன்றாகுமோ? 2004 அக்டோபரில், அதிபர் தேர்தலுக்குச் சில நாள் முன்னர், பள்ளிச் சின்னத்தைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு ஒன்றைத் தொடர் காட்டிற்று. போட்டியிட்டவை இரண்டும் வாயால் சொல்லக் கூசும் இழிபொருள்கள். எப்போதும் தேர்வு இப்படித்தான் இருக்கும் என்பது கதை. அன்று சிரிக்கத்தக்க கதையே. ஆனால் இரசிகருட் சிலர் அதனை ஓர் அரசியல் மறைநூலாகவே கொண்டுவிட்டனர். ஒவ்வொரு தேர்தலிலும், வேட்பாளர் யாவராயினும், ஆராயாமலே 'இரண்டும் அவ்விரு பொருள்களே' என்று கூறிவிட்டு வீட்டில் இருந்துகொள்வோர்க்கு அது வாய்ப்பாடாயிற்று. ஆராய்ந்து இரண்டும் தீயவை என்று காண்பவன் அறிஞன். ஆராயாமல் இரண்டும் தீயவை என்பவன் சோம்பேறி. இருவரும் ஒரே சொற்றொடரைச் சொல்வதால் ஒருவராகிவிட மாட்டார்.

நடுநிலை என்று பெயர் பெற்ற அத்தொடரைக் கட்சிக்கு இழுத்தவரும் உளர். 2001ஆம் ஆண்டிலேயே 'சவுத் பார்க் குடியரசுக் கட்சியினர்' என்னும் தொடரை எழுத்தாளர் ஆண்ட்ரூ சல்லிவன் வழங்கினார். 2005இல் பிரையன் ஆண்டர்சன் என்பார் சவுத் பார்க்கின் பெயராலேயே பழமைவாதிகளைப் பற்றி நூல் எழுதி வெளியிட்டார். எல்லாரையும் எள்ளுகிறது என்பதும் உண்மை. எம்மைச் சார்ந்தது என்பதும் உண்மை! இரண்டையும் ஒரே வாயால் சொல்வதற்கு எவ்வளவு பெரிய வாய் வேண்டும்!

படைப்பாளர்கள் தாமே இரசிகரைவிட நேர்மையோடு நடந்துகொண்ட இடமும் உண்டு. 2006 ஏப்ரலில், முன்னாள் துணையதிபர் ஆல் கோர் புவி வெப்பமாதலைப் பற்றி விடுத்த எச்சரிக்கையை அவர்கள் எள்ளினர். பாதி மனிதன், பாதி கரடி, பாதி பன்றி என்று கணக்குக்கே பொருந்தாத ஒரு விலங்கு உலவுவதாகக் கூறி ஊர் ஊராய்த் திரியும் கோமாளியாக அவரைக் காட்டினர். இரசிகர் விழுந்து விழுந்து சிரித்தனர். அறிவியலாரோடு வாதிட வேண்டிய தொல்லை இன்றி, அவ்விலங்கின் பெயரைச் சொன்னாலே போதும், வாதம் முடிந்தது என்னும் நிலை சிலரிடையே ஏற்பட்டது. பன்னிரண்டு ஆண்டு கழிந்தது. 2018 நவம்பரில் தொடர்ந்து இரு பகுதிகளில் அதே விலங்கு மெய்யாகவே ஊருக்குள் புகுந்து மக்களைக் கிழித்தெறிந்தது. நகைத்த சிறுவர்களே கோரை நாடிச் சென்று பிழை பொறுக்க வேண்டினர். அவ்விலங்கோடு உடன்படிக்கை செய்து, நல்ல பனிக்குழைவுக்கும் மகிழுந்துக்குமாகப் பேரப்பிள்ளைகளின் வாழ்வை விற்றவர்கள் தம் பாட்டனார் தலைமுறையினர் என்பதும் வெளிப்பட்டது. கோரை அப்போதும் விளம்பரப் பித்தராகவே காட்டினர் என்பது வேறு. எள்ளல் அவர்கள் குருதியில் உள்ளது. ஆயினும், 'அன்று யாம் சிரித்தது தவறு' என்பதைத் தம் மேடையிலேயே, தம் கோமாளித்தனத்தின் வழியாகவே ஒப்புக்கொள்ள எத்தனை எழுத்தாளர்க்கு நெஞ்சுரம் உண்டு? எத்தனை தமிழ் எழுத்தாளர் தம் பழைய கருத்தொன்றைத் தம் பாத்திரத்தின் வாயாலேயே மறுத்துரைத்துள்ளனர்? அன்று சிரித்த இரசிகரும் அவர்களோடு சேர்ந்து தம் சிரிப்பை மறு ஆய்வு செய்திருக்க வேண்டும். அதற்கு மாறாக, 'தொடர் தன் கூர்மையை இழந்துவிட்டது' என்று முணுமுணுத்தோரும் உளர். தம்மைக் கீறும்வரை கத்தி கூராக இருந்தது, கீறியதும் மழுங்கிவிட்டதாம்.

இரசிகரின் நெஞ்சையே குறிவைத்து எய்த அம்பு மற்றொன்று உண்டு. சிரித்து மறந்துவிடத் தக்கதன்று அது. தொடரின் தொடக்கக் காலம் முதலே ஊரில் ஒரு கருப்பினச் சிறுவன் இருந்தான். அவன் பெயர் 'டோக்கன்'. வெள்ளையர் நிறைந்த நிகழ்ச்சியில் பெயருக்கு ஒரு கருப்பரைச் சேர்த்துக்கொள்ளும் அமெரிக்கத் தொலைக்காட்சியின் வழக்கத்தை எள்ள வைத்த பெயர். தமிழில் கூறுவதாயின் 'ஒப்புக்குச் சப்பாணி'. இரசிகர் இருபது ஆண்டுக்கு மேலாக இந்நகையை அறிந்து சுவைத்தனர். 2022 பிப்ரவரியில் வந்த பகுதியொன்றில், தன் நண்பனின் பெயர் டோக்கன் அன்று, ஜே.ஆர்.ஆர். டோல்கீன் என்னும் எழுத்தாளர் நினைவாக இடப்பட்ட 'டோல்கீன்' என்பது ஸ்டானுக்குத் தெரியவருகிறது. ஊரில் மற்றையோர் அனைவரும் இதனை முன்பே அறிவர். கருப்பினச் சிறுவன் ஒருவனுக்கு அப்படியொரு பெயர்தான் இருக்கும் என்று இத்தனை ஆண்டும் எண்ணியவன் தான் மட்டுமே என்று ஸ்டான் நாணிக் குறுகுகிறான். அவன் மட்டுமா? திரைக்கு முன் அமர்ந்திருந்த இரசிகர் அனைவருந்தாம். எள்ளுவோர் கூட்டத்தில் தாம் இருப்பதாக எண்ணி அமர்ந்திருந்தவர், எள்ளப்படும் வரிசையில் தம் பெயர் முதலில் எழுதப்பட்டிருக்கக் கண்டனர்.

இஃது ஏமாற்று என்று கூறலாம், ஓரளவு ஏமாற்றுத்தான். பெயரிட்டவர் அவர்கள், பல்லாண்டு கழித்து எழுத்தைத் திருத்திவிட்டுப் பழியைப் பார்த்தவர் தலையில் ஏற்றிவிட்டுத் தாம் நழுவிக்கொண்டனர். இந்நழுவலையும் இரசிகர் கண்டு சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பலர் என் செய்தனர்? 'எவ்வளவு நுட்பம்!' என்று மீண்டும் கைதட்டினர். அறை விழுந்த கன்னத்தைத் தடவிப் பாராமல், அறைந்த கையின் வளையலைப் புகழ்ந்தனர்.

இதே சிறுவனைக் கொண்டு 2007 மார்ச்சில் வந்த கதை இன்னும் ஆழமானது. ஸ்டானின் தந்தை தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கருப்பரை இழிக்கும் சொல்லை நாடறியக் கூறிவிடுகிறார். ஸ்டான் தன் நண்பனிடம் மீண்டும் மீண்டும் சென்று, 'உன் நோவு எனக்குப் புரிகிறது' என்கிறான். ஒவ்வொரு முறையும் நண்பன், 'உனக்குப் புரியவில்லை' என்று விலகிச் செல்கிறான். கடைசியில்தான், தன்னால் அதனை ஒருபோதும் முழுமையாகப் புரிந்துகொள்ள இயலாது என்பதே தனக்குப் புரிந்தது என்கிறான் ஸ்டான். அப்போதுதான் நண்பன் முகம் மலர்கிறது. எல்லாரையும் ஒப்ப எள்ளலாம், எல்லார் நோவும் ஒன்றே என்னும் இரசிகர் கொள்கையைத் தொடரே நெடுநாள் முன்னர் மறுத்துவிட்டது என்பதற்கு இக்கதையினும் வேறு சான்று வேண்டா.

சக்கர நாற்காலிச் சிறுவனைப் பற்றியும் ஒரு சொல். டிம்மி என்னும் அவனைக் கண்டு முகஞ்சுளித்தோர் பெரும்பாலும் உடல் நலம் வாய்ந்தோரே. பி.பி.சி. நிறுவனம் மாற்றுத்திறனாளர்க்கென நடத்திய இணைய இதழின் வாக்கெடுப்பில், தொலைக்காட்சியின் மிகச் சிறந்த மாற்றுத்திறன் பாத்திரமாக டிம்மியே தேர்ந்தெடுக்கப்பட்டான். இரக்கத்துக்குரியவனாக வராமல், இசைக்குழுவில் பாடுபவனாக, தோழருள் ஒருவனாக அவன் வந்தமையே காரணமாகலாம். மார்மன் சமயத்தைப் பற்றி 2003இல் வந்த பகுதியும் இத்தகையதே. அச்சமயத் தோற்ற வரலாற்றை ஈவிரக்கமின்றி எள்ளிவிட்டு, கதையின் கடைசிச் சொல்லை அச்சமயச் சிறுவனுக்கே விட்டுக்கொடுத்தனர். தன் குடும்பம் அன்பான குடும்பம் என்று கூறிவிட்டு அவன் நிமிர்ந்து நடந்து செல்கிறான். தோற்றவர் ஸ்டான் முதலியோர். இவை வேறுபாடு அறிந்து செய்த எள்ளல்கள். யாரை, எங்கே, எவ்வளவு என்று அளந்து செய்தவை. 'எல்லாரையும்' என்னும் ஒற்றைச் சொல் இவ்வேறுபாட்டையெல்லாம் அழித்துவிடுகிறது. தொடரின் சிறந்த பகுதியையும் சோர்ந்த பகுதியையும் ஒரே சாக்கில் கட்டிவிடுகிறது. தொடரை உண்மையில் இழித்துரைப்போர் அதன் பகைவர் அல்லர் என்பது இதனால் விளங்கும்.

2025 ஜூலை 23ஆம் நாள் அந்த ஒற்றைச் சொல்லுக்குச் சோதனை வந்தது. இருபத்தேழாம் பருவத்தின் முதற்பகுதியில் அதிபர் டொனால்டு டிரம்பை, மானம் காக்கும் ஆடையுமின்றிச் சாத்தானின் பக்கத்தில் படுக்கவைத்தனர். அதே வாரந்தான் படைப்பாளர் இருவரும் பாரமவுண்ட் நிறுவனத்தோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்திருந்தனர். செய்தித்தாள்கள் கூறிய தொகை 150 கோடி டாலர். அந்நிறுவனத்தையும் அதே பகுதியில் எள்ளினர். இத்தொடர் இருபது ஆண்டுக்கு மேலாக மதிப்பிழந்து கிடக்கிறது என்று வெள்ளை மாளிகை அறிக்கை விடுத்தது. எல்லாரையும் எள்ளுவதே இதன் பெருமை என்று அதுகாறும் முழங்கியவர்களுள் ஒரு சாரார், தம் தலைவர் பெயர் வந்ததும் அளவு மீறிவிட்டது என்றனர். அதுகாறும் இதனைத் தீண்டத்தகாததெனத் தள்ளியவர்களுள் ஒரு சாரார் இப்போது கைதட்டினர். இரு சாராரும் இடம் மாறி அமர்ந்தனர், இருக்கைகள் மாறவில்லை.

அப்பகுதியில் அதிபரைப் பற்றிய காட்சியையே உலகம் பேசிற்று. கார்ட்மனைப் பற்றிய கிளைக்கதையைப் பேசியவர் குறைவு. அவன் அதில் துயரத்தில் ஆழ்ந்திருக்கிறான். யாவரும் கூசும் சொற்களை நாணமின்றிச் சொல்பவன் என்பதே அவனுக்கிருந்த ஒரே தனித்தன்மை. இப்போது நாடு முழுவதும் அச்சொற்களைச் சொல்கிறது, யாரும் கூசவில்லை, யாரும் சினக்கவுமில்லை. அவனுக்கென்று ஒன்றும் எஞ்சவில்லை. வாழ்ந்து பயனில்லை என்று முடிவு செய்து, அப்பாவித் தோழன் பட்டர்ஸையும் உடன் அமர்த்திக்கொண்டு, மூடிய கொட்டகைக்குள் மகிழுந்தை இயக்கிவிட்டு, புகை சூழ்ந்து உயிர் போகும் என்று காத்திருக்கிறான். மகிழுந்தோ மின்கலத்தில் ஓடுவது, புகையே வராது. அது தெரியாமல் இருவரும் இருளில் அமர்ந்திருக்கின்றனர்.